மட்டக்களப்புக் கல்லடியில் ஹலோவீன்: அம்மாவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் பாதி கழிந்தால் போதும், என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "உங்கட அம்மா இந்த முறையும் பேய்க் கொண்டாட்டம் வைக்கிறாவாமே, உண்மையா?" என்று தொடங்குவார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள். மற்றப் பாதிப்பேர் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இதை எழுதி வைத்தேன். அம்மா ஒரு தடவை வாசித்து மூன்று எழுத்துப்பிழை திருத்தித் தந்தார். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர், அந்தப் பழக்கம் போகாது.

ஹலோவீன் என்றால் என்ன?

ஒக்டோபர் 31 மாலை. மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்திய மாலை என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். அதற்கும் முன்பே அயர்லாந்துப் பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் இந்த நாளைச் 'சவின்' என்று கொண்டாடினார்கள். அன்றிரவு செத்தவர்களும் மற்றவைகளும் இந்தப் பக்கம் வந்துபோகும் என்று நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க வட அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர் இதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் டேர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே பெரிய பூசணிக்காயைக் கண்டதும் அதற்கு மாறிவிட்டார்கள்.

பிள்ளைகள் வேடம் போட்டு வீடுவீடாகப் போய் இனிப்புக் கேட்பார்கள். தராவிட்டால் குறும்பு செய்வோம் என்பது பேச்சு. 'டிரிக் ஓர் ட்ரீட்' என்ற அந்த வார்த்தை 1927 இலேயே கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துப் பத்திரிகைச் செய்தியில் வந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் அது "டொபியா, சேட்டையா?" ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பு அம்மாவுடையது.

ஒரு தமிழ் ரீச்சருக்கு இது எங்கிருந்து தொற்றியது?

கனடாவின் ஸ்காபறோவிலிருந்து. 2013 இல் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அம்மா பார்த்துக்கொள்ளப் போனார். செப்டெம்பரில் போய் இறங்கியவருக்கு ஒக்டோபர் கடைசியில் குளிர் எலும்பில் ஏறிவிட்டது. 31ஆம் திகதி மாலை அக்கா ஒரு பெரிய கோப்பை நிறையச் சொக்கலேட்டை அம்மாவின் மடியில் வைத்து, "கதவு தட்டினா ஆளுக்கு ரெண்டு குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க மேலே போய்விட்டா.

கதவு தட்டியது. அம்மா எழும்பவில்லை.

இதை அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் எனக்குச் சிரிப்பு வராது. எண்பதுகளின் நடுவிலிருந்து எங்கள் வீட்டில் ஆறு மணிக்குக் கதவு சாத்துகிற வழக்கம். தெரிந்தவர் என்றால் கேற்றடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் சொல்லாமல் இருட்டில் கதவைத் தட்டுகிறவன் நல்லதுக்கு வரவில்லை. தட்டியவர்களோடு போன ஆம்பிளைகள் திரும்பி வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. தட்டும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு எங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அறை மூலையில் இருந்த அம்மா, அங்கே ஸ்காபறோவில் சொக்கலேட் கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே உறைந்துபோய் இருந்திருக்கிறார்.

இரண்டாம் தடவை தட்டியபோது கண்ணாடி வழியாகப் பார்த்தார். கீழே, கைப்பிடி உயரத்துக்கும் எட்டாமல், ஒரு தேனீ நின்றது. நாலு வயது இருக்கும். குளிருக்கு ஜக்கெற் போட்டு அதற்கு மேலே செட்டையைக் கட்டியிருந்ததால் செட்டை இரண்டும் கோணலாகக் காது வரை ஏறியிருந்தது. மூக்கு ஒழுகியது. அம்மா திறந்தார். தேனீ ஒன்றும் பேசவில்லை, பையை நீட்டியது. பின்னால் படிக்கட்டில் அதன் தகப்பன் நின்று கை காட்டினான்.

அன்றிரவு 64 பிள்ளைகள் வந்தார்கள். மிஞ்சிய சொக்கலேட்டை எண்ணிக் கழித்துக் கணக்கு எடுத்திருக்கிறார். அடுத்த வருடம் கோப்பைக்குச் சாமான் வாங்க அக்காவை விடவில்லை, தானே கடைக்குப் போனார். 2014 முடிவில் ஊருக்கு வந்து, 2015 இல் எங்கள் ஒழுங்கையில் தொடங்கியவர்தான்.

இலையுதிர்காலமே இல்லாத ஊரில் என்ன இலையுதிர்காலக் கொண்டாட்டம்?

நியாயமான கேள்வி. அங்கே அறுவடை முடிந்து வயல் காயும் நேரம், இங்கே பெரும்போக விதைப்பு நேரம். அங்கே இலை கொட்டும், இங்கே வானம் கொட்டும். ஒக்டோபர் கடைசியில் மட்டக்களப்பில் பின்னேரம் இடி இடிக்காத நாள் குறைவு. வடகீழ் மாரி இறங்குகிற நேரம். ஆகவே எங்கள் பேய்களுக்குக் குடை உண்டு. ஒரு வருடம் பெய்த மழையில் எல்லாப் பேயும் எங்கள் விறாந்தையிலேயே ஒதுங்கி நின்று, வீடுவீடாகப் போவதற்குப் பதிலாக வீட்டுக்காரர்கள் குடை பிடித்து வந்து பேய்களுக்கு டொபி கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அந்த வருடம்தான் இன்றுவரை பிடித்த வருடம்.

பூசணிக்காயை எப்படி வெட்டுகிறீர்கள்? எங்களுக்குக் கத்தி உடைந்தது.

உடையும். நம்முடைய சந்தையில் வரும் பூசணிக்காய் கறிக்கு வளர்த்தது. சதை மொத்தம், தோல் கடினம், உள்ளே குழி சிறிது. கனடாவில் இதற்கென்றே வளர்க்கிற காய் உள்ளே கோறை, சதை மெல்லிசு, ஒரு சின்ன வாளே போதும். முதல் வருடம் அம்மா கருக்குமட்டை அரிகிற கத்தியால் முயன்று, கடைசியில் ஒரு கண் மட்டும் விழுந்தது. ஒற்றைக்கண் பேய் என்று சொல்லிச் சமாளித்தோம்.

இப்போது செய்வது இதுதான். ஒரே ஒரு பூசணிக்காய், அதையும் பக்கத்து ஒழுங்கைத் தச்சு வேலை செய்யும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கி அங்கிள் தன் உளியால் குடைந்து தருவார். அவர்தான் ஒரு நாள் சொன்னார், இந்தியாவில் இதற்குப் பறங்கிக்காய் என்று பேராம், அதனால் தன் சொந்தக்காரனையே தான் குடைவதாக. பகிடியாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. பூசணி அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துக்கேயர் காலத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது.

மற்ற விளக்கெல்லாம் சிரட்டை. தேங்காயை மேல் பக்கமாக உடைக்காமல் நடுவே உடைத்தால் கண்ணுள்ள பாதி கிடைக்கும். இரண்டு கண், ஒரு வாய், முகம் ஏற்கெனவே இருக்கிறது. துருவி எடுத்த பிறகு கண்ணை ஆணியால் குத்தித் திறந்து, தட்டில் எரிகிற மெழுகுதிரித் துண்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தால் போதும், சுவரில் பெரிய முகம் விழும். மேலே கவிழ்த்து மூட வேண்டாம், காற்றில்லாமல் திரி அணைந்துவிடும். நீத்துப்பூசணியும் நல்லது: மேலே இருக்கும் சாம்பல் பூச்சில் விரலால் கோடு கிழித்தாலே முகம் வந்துவிடும், வெட்டவே தேவையில்லை.

இது பேய் வழிபாடு இல்லையா? வீட்டுக்கு ஆகாதே.

யாரும் எதையும் வழிபடுவதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அம்மாவிடம் ஒரு கதையும் உண்டு, அதையும் எழுதச் சொன்னார்.

பூசணி விளக்குக்கு ஆங்கிலத்தில் 'ஜாக் ஓ லான்ரன்', விளக்குக்கார ஜாக் என்று பெயர். ஐரிஷ்காரர் கதையில் ஜாக் ஒரு கஞ்சன், குடிகாரன். சாத்தானையே ஏமாற்றி, உன்னை நரகத்துக்கு எடுக்கமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டான். செத்த பிறகு மோட்சத்திலும் இடமில்லை, நரகத்திலும் சத்தியத்தால் இடமில்லை. இருட்டில் எங்கே போவேன் என்று அழுதவனிடம் சாத்தான் ஒரு நெருப்புக் கொள்ளியைத் தூக்கி எறிந்தான். ஜாக் அதை டேர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறான். சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் வெளிச்சத்துக்கும் அங்கே இதே பெயர்தான் முன்பு இருந்தது.

கொள்ளியோடு சதுப்பில் அலைகிற பேய் யார்? நம்முடைய கொள்ளிவாய்ப் பேய்தான்! வயல் காவலுக்குப் போன தாத்தாமார் எத்தனை பேர் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மக்கும் சேற்றிலிருந்து கிளம்பும் வாயு என்று விஞ்ஞானப் புத்தகம் சொல்லும், அதைத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள்.

அதற்காக ஹலோவீனையும் நம்முடைய நாட்களையும் ஒன்றாக்க அம்மா சம்மதிக்கமாட்டார். செத்தவர்களுக்கு நமக்கு நாள் இருக்கிறது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, மாமாங்கக் கோயில் தீர்த்தம். தாய்க்குச் சித்திரைப் பறுவம். அப்பாவுக்காக மாமாங்கத்தில் முழுகுகிற அன்று அம்மா பகிடி விடுவதில்லை. "அது வேற, இது விளையாட்டு" என்பார். என் கருத்தும் அதுதான். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி, எல்லாம் ஒன்றே என்று சொல்வது எனக்கு ஒத்துவராத பேச்சு.

நாங்கள் வேதக்காரர். வரலாமா?

உங்கள் விருப்பம். சில சபைகளில் கூடாது என்கிறார்கள், அவர்களை நாங்கள் கேட்பதே இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் சில வருகின்றன, நவம்பர் 2 ஆன்மாக்களின் தினத்துக்குச் சேமக்காலையில் ஏற்ற வாங்கிய மெழுகுதிரியில் மிஞ்சியதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது அடுத்த வருடச் சிரட்டைக்கு.

யுத்தத்திலும் சுனாமியிலும் இத்தனை பேரைப் பறிகொடுத்த ஊரில் எலும்புக்கூட்டை வைத்து விளையாடுவது சரியா?

சரியில்லை. அதனால் எங்களிடம் எலும்புக்கூடு இல்லை.

2015 இல் அக்கா அனுப்பிய பொதியில் பிளாஸ்ரிக் மண்டையோடு, இரத்தக் கை அடையாளம் பதித்த துணி, கல்லறைப் பலகை எல்லாம் இருந்தன. பொதியைப் பிரித்தபோது பக்கத்து வீட்டு மாமி வந்திருந்தா. மாமியின் மகன் 1990 இல் போனவன், இன்னும் வரவில்லை. மாமி அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டா. அம்மா அன்றிரவே மண்டையோட்டையும் துணியையும் பலகையையும் வளவுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். அதிலிருந்து சில விஷயங்கள் எங்கள் ஒழுங்கையில் கிடையாது.

இரத்தம், எலும்பு, பிரேதப் பெட்டி கிடையாது. நீரில் மூழ்கியவர் மாதிரி வேடம் கிடையாது. கடலுக்கு இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், 2004 டிசம்பர் 26 இல் எந்தெந்த வீட்டில் யார் போனது என்று எல்லாருக்கும் தெரியும். தலையில் சாக்கைப் போட்டுக் கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைக்கிற வேடம் அறவே கிடையாது. வெளியூர்ப் பிள்ளைக்கு அது சும்மா பேய். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது தலையாட்டி, படைக்கு ஆள் காட்டிக் கொடுத்தவன். முன்னால் வரிசையாக நிறுத்தி வைத்த ஆட்களைப் பார்த்து அந்தச் சாக்கு ஆடினால் ஆள் போனது போனதுதான். உடம்பில் கரி, கிறீஸ் பூசுவதும் கிடையாது. 2011 ஓகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் வருகுது, கிறீஸ் பூதம் என்று கிழக்கு மாகாணமே பொல்லும் கையுமாக விடிய விடிய விழித்திருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, கீழே பாருங்கள். மாமியின் வீட்டுக்குப் பிள்ளைகள் போவதா இல்லையா என்று அம்மா ஒவ்வொரு வருடமும் தனியாகப் போய்க் கேட்பார். முதல் இரண்டு வருடம் மாமி வேண்டாம் என்றா. மூன்றாம் வருடம் வாசல் லைட்டைப் போட்டிருந்தா.

அப்படியானால் என்ன வேடம்தான் போடுவது?

கூத்து ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? மத்தளமும் சல்லாரியும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேடம் சொல்லிக் கொடுக்கவா வேண்டும். வீமன் வந்திருக்கிறான், சூர்ப்பனகை வந்திருக்கிறாள், மூக்கோடும் மூக்கில்லாமலும். ஒரு பெடியன் வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பு வேண்டும் என்று நின்று, கடைசியில் கோழி அடைக்கிற உண்மையான கரப்பையே இடுப்பில் கட்டிக்கொண்டு ராசாவாக வந்தான். நடக்கும்போது படலைக்குள் அகப்பட்டு அவனை இரண்டு பேர் இழுத்தெடுக்க வேண்டியதாயிற்று. வயலில் நிற்கும் வெருளி எப்போதும் எடுபடும்: தகப்பனின் பழைய சேட், வைக்கோல், ஓட்டைத் தொப்பி, செலவு பூச்சியம். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனாக ஒரு பிள்ளை வந்து, கேட்ட எல்லா வீட்டிலும் பாட மறுத்துவிட்டது. முழுநிலா அன்று மட்டும்தான் பாடுமாம்.

முகம் முழுவதையும் மூடும் முகமூடி வேண்டாம். பிள்ளை யாருடையது என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு டொபி சரிவருமா?

ஜெலற்றின் போட்ட இனிப்பை அம்மா வாங்குவதே இல்லை, ஹலால் அடையாளம் பார்த்துத்தான் எடுப்பார். காத்தான்குடியிலிருந்து வாடகைக்கு வந்து இருக்கிற ராத்தா தன் பிள்ளைகளை வேடம் போட விடமாட்டா, ஆனால் அன்றிரவு ஒரு தட்டுத் தொதல் அனுப்பிவிடுவா. அது பிள்ளைகளுக்கு வந்து சேர்வதில்லை, நான் காரணம்.

செலவு?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 2022 இல் சொக்கலேட் விலையைக் கேட்டுவிட்டு அம்மா கச்சானுக்கு மாறினார். கடதாசிச் சரையில் ஆளுக்கு ஒரு பிடி கச்சான், ஒரு எள்ளுருண்டை. கரண்ட் வேறு நேரம் பார்த்து வெட்டினார்கள், சிரட்டை விளக்குக்கு அதைவிட நல்ல இருட்டு எங்கே கிடைக்கும். விலை இறங்கிய பிறகும் கச்சானே நிலைத்துவிட்டது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள்.

தீபாவளியோடு மோதினால்?

மோதியது. 2024 இல் இரண்டும் ஒக்டோபர் 31. காலையில் எண்ணெய் முழுக்கு, புதுச் சட்டை, கோயில். மத்தியானம் எல்லார் வயிற்றிலும் இடமில்லை. மாலை ஆறரைக்கு அதே பிள்ளைகள் புதுச் சட்டைக்கு மேலேயே வேடத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நரகாசுரன் மட்டும் அஞ்சு பேர். அவனைக் காலையில்தானே கொன்றோம் என்று அம்மா கேட்டதற்கு, அதனால்தான் ரீச்சர் பேயாக வந்திருக்கிறேன் என்றான் ஒருவன். அவனுக்கு இரண்டு சரை.

மகளாக உங்களுக்கு இது பிடிக்குமா?

எல்லாரும் கேட்பது, நான் நழுவுவது. முதல் வருடம் வெட்கமாக இருந்தது. கனடாவுக்குப் போய் வந்து காட்டுகிற காட்டல் என்று ஊர் பேசும் என்று பயந்தேன், பேசவும் செய்தார்கள். இன்றும் பிளாஸ்ரிக் சிலந்தி வலையைக் கண்டால் எரிச்சல் வரும். பிய்த்து எடுக்க ஒரு கிழமை, அதற்குள் ஓணான் ஒன்று சிக்கிவிடும். கொழும்பு ஹோட்டல்களில் ரிக்கெட் போட்டு விற்கிற ஹலோவீனும் எனக்கு வேண்டாம்.

ஆனால் அம்மா அன்று ஐந்தரைக்கே முகம் கழுவி, பொட்டு வைத்து, விறாந்தைக் கதிரையில் கச்சான் பெட்டியோடு வந்து இருப்பார். கதவைத் திறந்து வைத்திருந்தால் பிள்ளைகள் தட்டமாட்டார்கள் என்று, வேண்டுமென்றே உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார். தட்டியதும் உடனே திறக்கமாட்டார். ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நிற்பார். நான் குசினியிலிருந்து பார்ப்பேன், கூப்பிடமாட்டேன்.

எங்கள் ஒழுங்கையிலும் செய்ய ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு கிழமைக்கு முன்பே வீடுவீடாகப் போய்ச் சொல்லுங்கள். விருப்பமானவர்கள் அன்று வாசல் லைட்டைப் போட்டு வைப்பார்கள். லைட் இல்லாத வீட்டைத் தட்டக்கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. இந்த ஒரு வழக்கத்தைக் கனடாவிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறோம். ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடியுங்கள். நாயைக் கட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் போக வேண்டும், மெழுகுதிரியைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், வைக்கோல் வெருளிக்குப் பக்கத்தில் அறவே வேண்டாம். பரீட்சை நேரமாக இருந்தால் மைக் போடாதீர்கள். பரீட்சை இல்லாவிட்டாலும் போடாதீர்கள்.

அடுத்த நாள் அந்தப் பூசணிக்காயை என்ன செய்வது?

குடையும்போதே வழித்தெடுத்த சதையை அன்று மத்தியானமே பால்கறி வைத்துவிடுங்கள், விதையைக் கழுவிக் காயவைத்து வறுக்கலாம். விளக்கு எரிந்த கோதைச் சமைக்க வேண்டாம். நம்முடைய வெக்கைக்கு விடியுமுன் புளித்து மணக்கும், இரண்டாம் நாள் முகம் உள்ளே சரிந்து பல் விழுந்த கிழவி மாதிரி ஆகிவிடும். எங்கள் கோது பின் வளவு மாட்டுக்குப் போகிறது. உருகி ஒட்டிய மெழுகைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள், ஒரு வருடம் நான் மறந்துபோய் மாட்டுக்காரரிடம் நல்லாய் வாங்கிக் கட்டினேன்.